கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்

தடுப்பூசி எத்தனை குழந்தைகளைச் சென்றடைந்தது என்பதைச் சொல்லும் ஒவ்வொரு சதவீதமும் அடிப்படையில் ஒரு பின்னம். கோட்டுக்கு மேலே, உரிய தவணைகளைப் பெற்றுவிட்ட குழந்தைகளின் எண்ணிக்கை. கோட்டுக்குக் கீழே, அவற்றைப் பெற்றிருக்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை. மேலெண்ணை உயர்த்துவதற்காகவே மருந்து தயாரிப்பு, குளிர்பதனம், செவிலியர் பயிற்சி, விளம்பரம் எனப் பொதுச் சுகாதாரத்தின் பெரும்பகுதி உழைப்பும் செலவும் அமைந்திருக்க, கீழெண் மட்டும் மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தானாகக் கிடைத்துவிடும் ஒன்றாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலப்பரப்பில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், தொடக்கத்தில் மேலெண்ணில் இருந்த சிக்கல் படிப்படியாகக் கீழெண்ணுக்கு இடம்பெயர்ந்திருப்பது புலப்படும். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், ஏரிப்பாசன ஊராக இருந்து சிப்காட் தொழிற்பூங்காவாக மாறியிருக்கும் பிள்ளைப்பாக்கமும் அதைச் சுற்றியுள்ள இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய ஊர்களும் அந்த இடப்பெயர்ச்சியின் இன்றைய எல்லையில் நிற்கின்றன.

முழுமை என்பதன் பொருள்

இந்தியாவில் குழந்தைகளின் தடுப்பூசி நிலையை நீண்டகாலமாக ஒரே அளவுகோலால் அளந்துவரும் ஆய்வு, 1992–93இல் தொடங்கிய தேசிய குடும்பநல ஆய்வு. இந்த ஆய்வின் பழைய வரையறைப்படி, பன்னிரண்டு முதல் இருபத்துமூன்று மாத வயதுக்குட்பட்ட ஒரு குழந்தை, காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஒரு தவணை, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகிய மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசி மூன்று தவணை, இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்து மூன்று தவணை (பிறந்தவுடன் தருவது இதில் சேராது), தட்டம்மைத் தடுப்பூசி ஒரு தவணை என எட்டையும் பெற்றிருந்தால்தான் அது முழுமையாகத் தடுப்பூசி பெற்ற குழந்தை எனப்படும். எட்டில் ஏழு பெற்ற குழந்தையும் ஒன்றுமே பெறாத குழந்தையும் இந்தக் கணக்கில் கோட்டுக்கு மேலே ஏறுவதில்லை.

இந்தக் கண்டிப்பின் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். எட்டுத் தவணைகளில் ஒவ்வொன்றையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகள் பெறுகிறார்கள் என்றும், ஒரு தவணையைத் தவறவிடுவதற்கும் இன்னொன்றைத் தவறவிடுவதற்கும் தொடர்பில்லை என்றும் வைத்துக்கொண்டால், எட்டையும் பெற்றவர்கள் நூற்றுக்கு 66 பேர்தான். நடைமுறையில் முத்தடுப்பு ஊசியும் சொட்டு மருந்தும் ஒரே நாளில் தரப்படுவதாலும், வருகிற தாய்மார் பெரும்பாலும் தொடர்ந்து வருவதாலும் நிலைமை இவ்வளவு மோசமாக இருப்பதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தவணையிலும் ஏற்படும் சிறு கசிவு முழுமை என்ற எண்ணில் பெரிய பள்ளமாகத் தெரியும் என்பதையும், முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் இடையே எத்தனை பேர் நின்றுவிடுகிறார்கள் என்னும் இடைநிற்றல் விகிதத்தைத் தனியே கணக்கிட வேண்டியிருப்பதன் காரணத்தையும் இது காட்டுகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஆய்வு நடப்பதால், அது தரும் எண், சில மாதங்கள் முதல் ஏறத்தாழ இரண்டாண்டு வரை முன்பு சுகாதாரத் துறை எப்படி இயங்கியது என்பதன் சாட்சியமே ஆகும். தடுப்பூசி அட்டை கையில் இல்லாத வீட்டில் தாயின் நினைவே சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஒரே வாசலுக்குத் திரும்பத் திரும்ப

இந்தியாவில் பெருந்திரள் பி.சி.ஜி. தடுப்பூசித் திட்டம் 1948இல் உருவெடுத்தபோது அதற்கான மருந்தைத் தயாரிக்கும் கூடம் சென்னைக் கிண்டியில் நிறுவப்பட்டது. அதை எதிர்த்த குரலும் சென்னையிலிருந்தே எழுந்தது. முன்னாள் கவர்னர் ஜெனரலும் சென்னை மாகாண முன்னாள் முதலமைச்சருமான இராஜாஜி, இந்தத் தடுப்பூசியை ஏன் எதிர்க்கிறேன் என்று விளக்கி 1955இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார். தடுப்பூசி மீதான ஐயம் கைப்பேசி வதந்திகளோடு பிறந்ததன்று என்பதற்கு இது சான்று.

அந்தத் தடுப்பூசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடி, 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. களஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 2,60,000 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, சிலருக்குத் தடுப்பூசியும் சிலருக்கு மருந்தற்ற ஊசியும் போடப்பட்டன. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று மார்பு எக்ஸ்-ரே, சளிப் பரிசோதனை வழியாகப் புதிய காசநோயாளிகள் தேடப்பட்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு 1979இல் வெளியாகி உலகைத் திகைக்கவைத்தது. சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையம் 1999இல் வெளியிட்ட பதினைந்தாண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவும் அதையே உறுதிசெய்தது. ஆயினும் பச்சிளங் குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், உடல் முழுவதும் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் நிறுவியிருப்பதால், பிறந்தவுடன் இடது மேற்கையில் போடும் அந்த ஊசி இன்றும் தொடர்கிறது.

இந்த ஆய்வின் மருத்துவ முடிவு பலமுறை பேசப்பட்டுவிட்டது. அதிகம் பேசப்படாதது, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் அதே ஊரில், அதே தெருவில், அதே வாசலில் நின்று அதே மனிதரைத் தேட முடிந்தது என்பது. இரண்டரை இலட்சம் பேரின் பெயர்ப்பட்டியல் ஒன்று, சாவும் கல்யாணமும் நீங்கலாகப் பெரும்பாலும் கலையாமல் நின்றிருக்கக்கூடிய வேளாண் சமூகத்தின் மேல்தான் அந்த ஆய்வு சாத்தியமாயிற்று. அங்கே கீழெண் அசையவில்லை.

ஏற்றம்: 1978–1999

உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியதைத் தொடர்ந்து, இந்தியா 1978இல் அதைத் தன் திட்டமாக ஏற்று, 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக விரிவாக்கி, தட்டம்மையையும் அதில் சேர்த்துப் படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது. தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு முன்தொடக்கம் இருந்தது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும், மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து பிரிந்து நோய்த்தடுப்பை மட்டுமே தன் கடமையாகக் கொண்ட பொதுச் சுகாதார இயக்குநரகமும் ஏற்கெனவே இருந்ததால், புதிய திட்டத்தைத் தாங்குவதற்கு எலும்புக்கூடு ஒன்று ஆயத்தமாக நின்றது. அதன் மேல் தசையாக அமைந்தவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் துணை சுகாதார நிலையத்தில் அமர்த்தப்பட்ட அவர்கள், கர்ப்பிணியைப் பதிவது முதல் குழந்தைக்குக் கடைசி ஊசி போடுவது வரை ஒரே பதிவேட்டில் எழுதிவந்தனர். புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்பது தமிழக ஊர்ப்புறத் தாய்மாருக்கு நாள்காட்டி பார்க்காமலே தெரிந்த செய்தியாயிற்று.

மருந்தின் இயல்பும் இந்த ஒழுங்கைக் கோரியது. பெரும்பாலான தடுப்பு மருந்துகள் தயாரிக்கும் கூடத்திலிருந்து குழந்தையின் தொடைவரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே பயணிக்க வேண்டும். இதுவே குளிர்பதனச் சங்கிலி எனப்படும். தட்டம்மை மருந்துப்பொடியை உரிய திரவத்தில் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், பல குழந்தைகளை ஒரே நாளில், ஒரே இடத்தில் கூட்டுவதே சிக்கனமாக இருந்தது. முதல் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டில் சுமார் 65 சதவீதக் குழந்தைகள் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருப்பதாகக் காட்டியபோது அகில இந்திய அளவு 35ஆக இருந்தது. 1998–99இல் நடந்த இரண்டாம் ஆய்வில் இந்தியா 42ஐ எட்ட, தமிழ்நாடு 89ஐ எட்டி நாட்டின் முன்வரிசையில் நின்றது.

சறுக்கல்: 1999–2016

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றின் புதிர். 2005–06இல் தமிழ்நாட்டின் எண் 81ஆக இறங்கியது. 2015–16இல் 70ஆகச் சரிந்தது. அதே காலத்தில் அகில இந்திய அளவு 44இலிருந்து 62ஆக ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவமனைப் பிரசவம் ஏறத்தாழ முழுமையாகிவிட்ட, குழந்தை இறப்பு தொடர்ந்து குறைந்துவந்த ஒரு மாநிலத்தில் இப்படி நேர்ந்ததற்கு ஒற்றைக் காரணம் கூற முடியாது. குறிப்பாக 2005–06க்குப் பிந்தைய சரிவில் பல இழைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

முதல் இழை மருந்து வழங்கல். 2008 ஜனவரியில், உற்பத்தி நெறிமுறைகள் உரியபடி பின்பற்றப்படவில்லை என்ற காரணத்தால், கிண்டி பி.சி.ஜி. ஆய்வுக்கூடம், குன்னூர் பாஸ்டியர் நிறுவனம், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய மூன்று பொதுத்துறைத் தயாரிப்பு நிலையங்களின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. 2010இல் அத்தடை நீங்கும்வரை நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு நிலவியது.

இரண்டாம் இழை நம்பிக்கை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்டதைத் தொடர்ந்து நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதற்குப்பின் மாநில அரசு, ஊர்ப்புற அங்கன்வாடிகளில் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமே போட வேண்டும் என்று ஆணையிட்டது. பாதுகாப்பின் நோக்கில் புரிந்துகொள்ளத்தக்க அந்த முடிவு, தொலைவின் நோக்கில் விலை கேட்டது: நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஊசி பேருந்து ஏறிப் போக வேண்டிய இடத்துக்கு மாறிற்று, அதற்கு ஒரு நாள் கூலியையும் துணைக்கு ஓர் ஆளையும் தேட வேண்டியதாயிற்று.

மூன்றாம் இழை அளவீட்டைச் சார்ந்தது. 2011 டிசம்பரில் தமிழ்நாடும் கேரளமும் நாட்டிலேயே முதலாவதாக, முத்தடுப்பு ஊசியோடு கல்லீரல் அழற்சி பி, ஹிப் என்னும் கிருமி ஆகியவற்றுக்கான தடுப்பையும் சேர்த்த பென்டாவேலன்ட் எனும் ஐந்துநோய்த் தடுப்பூசியை அறிமுகப்படுத்தின. ஊசியின் பெயர் மாறியதும், தனியார் மருத்துவமனைகளை நாடும் குடும்பங்கள் பெருகி, அரசு அட்டையில் ஏறாத ஊசிகள் கூடியதும், தாயின் நினைவை நம்பும் ஓர் ஆய்வுக்கு உகந்த சூழல் அல்ல. உண்மையான சரிவும் பதிவின் சரிவும் இந்த 70இல் கலந்திருக்கின்றன என்று கொள்வதே நேர்மையான வாசிப்பு.

மீட்சியும் ஒரே கையால் நிகழ்ந்ததன்று. நாடு தழுவிய அளவில், விடுபட்ட குழந்தைகளைத் தேடிச் செல்லும் இந்திரதனுஷ் இயக்கம் 2014 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவெண் தந்து, அந்த எண்ணைப் பிறப்புச் சான்றிதழோடு இணைத்த கண்காணிப்பு முறையும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகளில் சிலவற்றைக் குழந்தையின் தடுப்பூசியோடு பிணைத்த ஏற்பாடும் சேர்ந்துகொண்டன. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ளோருக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பெற்றோரைத் தயங்கவைத்தன. ஆனாலும் வழக்கமான தடுப்பூசியின் ஏற்றம் நிற்கவில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாம் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் எண் மீண்டும் 89ஐத் தொட்டது. அப்போது இந்தியாவின் எண் 76.

இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு 89கள். ஆனால் அவற்றின் கோட்டுக்குக் கீழே இருந்த சமூகம் ஒன்றல்ல.

அசையும் கீழெண்

ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு எத்தனை குழந்தைகளை எதிர்பார்க்க வேண்டும் என்பது, வழக்கமாக, அதன் எல்லைக்குட்பட்ட மக்கள்தொகையைப் பிறப்பு விகிதத்தால் பெருக்கிப் பெறப்படும் மதிப்பீடு. மக்கள்தொகை கடைசியாக எண்ணப்பட்டது 2011இல். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அந்த இடைவெளிக்குள் ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010இல் திறந்த கார் ஆலையைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் பெருகின. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024இல் திறக்கப்பட்டது. மாவட்ட எல்லையும் நிலையாக நிற்கவில்லை: பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது, 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே காஞ்சிபுரம் மாவட்டத்தின் தடுப்பூசி அளவு என்று இரு வேறு ஆண்டுகளில் அச்சான எண்கள் இரு வேறு நிலப்பரப்புகளைக் குறிக்கலாம்.

இதன் விளைவையும் ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். ஒரு துணை நிலையத்தின் மதிப்பீட்டில் நூறு குழந்தைகள். அவர்களில் முப்பது பேரின் தாய்மார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய், அந்த ஆண்டின் தவணைகளை அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள்; வெளிமாநிலங்களிலிருந்து புதிதாக வந்து, வரிசையாகக் கட்டிய வாடகை லைன் வீடுகளில் குடியேறிய நாற்பது குழந்தைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. செவிலியர் அந்த ஆண்டு 95 குழந்தைகளுக்கு ஊசி போட்டால் அறிக்கை 95 சதவீதம் என்று சொல்லும். உண்மையில் துணை நிலைய எல்லைக்குள் இருக்கும் குழந்தைகள் 110. எட்டிய அளவு 86. ஊசி போட்டவர்கள் 105 ஆனால் அறிக்கை நூறைத் தாண்டி, சாதனைபோலத் தோற்றமளிக்கும். கீழெண்ணைக் குறைத்தெண்ணினால் விடுபட்ட குழந்தைகள் புள்ளிவிவரத்தில் மறைவதோடு, அவர்களைத் தேட வேண்டும் என்ற எண்ணமே எழாமல் போகும்.

கர்ப்பிணிகளைப் பெயர்வாரியாகப் பதியும் முறை மதிப்பீட்டின் இடத்தில் பட்டியலை வைத்ததால் இந்தக் குறையில் பாதியைத் தீர்த்தது. ஆனால் ஒடிசாவிலோ பீகாரிலோ பிறந்து, கைக்குழந்தையாக இந்தப் பகுதிக்கு வந்துசேரும் பிள்ளையின் தாய் இங்கே கர்ப்பிணியாக ஒருநாளும் பதியப்பட்டிருக்க மாட்டாள். விடுதியில் தங்கும் தனியாளுக்குக் கட்டில் கணக்கு உண்டு. ஆலை வாசலில் அடையாள அட்டைக் கணக்கு உண்டு. ஒப்பந்ததாரர் வழியே வேலைக்கு வந்து, குடும்பத்தோடு ஓரறை வாடகை வீட்டில் இருப்பவரின் கைக்குழந்தையை எண்ணுவது ஆலை, ஒப்பந்ததாரர், வீட்டு உரிமையாளர் ஆகிய மூவரில் யாருடைய கடமையும் அன்று. மேலும், புதன்கிழமைப் பகல் என்பது வயல் வேலையோடு பொருந்திவந்த நேரம். மூன்று ஷிப்ட் சுழலும் ஊரில், ஷிப்டைத் தவறவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற நிலையிலுள்ள தாய்க்கு அது எளிதில் வாய்க்கும் நேரமன்று. கையில் அட்டை இருந்தாலும் அது வேறு மொழியில் அச்சிட்டதாக இருந்தால், எந்தத் தவணையிலிருந்து தொடர்வது என்று தேதிகளைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கும்.

சராசரி காக்காத இடம்

விடுபட்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தானே என்ற எண்ணத்தைத் தட்டம்மை அனுமதிப்பதில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாத சமூகத்தில் ஒரு தட்டம்மை நோயாளி சராசரியாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு நோயைத் தருவார். ஒரு நோயாளி ஒருவருக்கு மேல் பரப்பாமல் தடுத்தால்தான் தொற்றுச் சங்கிலி அறும் என்பதால், பன்னிருவரில் பதினொருவரோ, பதினெண்மரில் பதினெழுவரோ எதிர்ப்பாற்றல் பெற்றிருக்க வேண்டும். அதாவது நூற்றுக்கு 92 முதல் 94 பேர் வரை. தடுப்பூசி போட முடியாத சிசுக்களையும் சேர்த்துக் காக்கும் இந்த நிலையே கூட்டு எதிர்ப்பாற்றல். ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளிடமே எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதால், நூற்றுக்கு 89 பேர் ஒரு தவணை மட்டும் பெற்ற ஊரில் உண்மையில் காக்கப்பட்டவர்கள் 76 பேர்தான். பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை இதற்காகவே வந்தது.

இதிலும் சராசரி ஏமாற்றும். ஆயிரம் குழந்தைகளில் ஊசி பெறாத ஐம்பது பேர் ஐம்பது தெருக்களில் சிதறியிருந்தால் கிருமி அடுத்த வாசலைத் தேடிக் களைத்துவிடும். அதே ஐம்பது பேர் ஒரே வளாகத்தின் லைன் வீடுகளில் இருந்தால், 95 சதவீதம் என்ற மாவட்டச் சராசரி அந்த வளாகத்துக்கு எந்தக் காவலும் தராது. குழந்தைத் தடுப்பூசியில் பல ஆண்டுகளாகத் தொண்ணூற்றைந்துக்கும் மேலே நின்ற இலங்கை 2019இல் தட்டம்மையை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டதற்கு, ஒவ்வொரு சுகாதாரப் பிரிவிலும் குடும்ப நல மருத்துவ மாது தன் பகுதியின் குழந்தைகளைப் பெயர்வாரியாகப் பதிந்து பின்தொடரும் முறையும் ஒரு முக்கியக் காரணம்.

பட்டியலில் இல்லாத பெயர்

இந்தியாவில் எந்த ஊரில் ஊசி போட்டாலும் குழந்தையின் பதிவு ஒரே இடத்தில் சேரும்படி அமைந்த யு-வின் இணையப் பதிவு 2023 ஜனவரியில் 65 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்தது. மொழி மாறிய அட்டையின் சிக்கலையும், தாய்வீட்டில் போட்ட ஊசி கணக்கில் ஏறாத சிக்கலையும் அது குறைக்கக்கூடும். ஆனால் எந்தப் பதிவேடும் தன்னிடம் வந்துசேர்ந்த குழந்தையைப் பற்றித்தான் பேசும். வராத குழந்தையைப் பற்றி அதற்குத் தெரியாது.

அதற்கு இந்த நிலப்பரப்பு ஏற்கெனவே கண்டிருக்கும் பழைய வழிதான் மிஞ்சுகிறது. 1968இல் ஆய்வாளர்கள் ஊசியைக் கையிலெடுக்கும் முன்பே வீடுவீடாகத் தலைகளை எண்ணினார்கள்; அந்த எண்ணிக்கை ஆண்டுக்கணக்கில் நிலைத்ததால் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை திரும்பிவந்தால் போதுமானதாக இருந்தது. பிள்ளைப்பாக்கம் போன்ற ஊரில் வாடகைக்கு வருவோரும் போவோரும் மாதந்தோறும் மாறுவதால், அதே எண்ணிக்கையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை, ஷிப்ட் முடிந்து ஆள் வீட்டில் இருக்கும் மாலை வேளையில் எடுக்க வேண்டியிருக்கும். கதவைத் தட்டும் செவிலியர் அட்டையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, இந்த வீட்டில் குழந்தை உண்டா என்பதுதான். அந்த விடை பதிவேட்டில் ஏறிய பிறகுதான், அந்த ஊரின் சதவீதத்துக்குப் பொருள் உண்டாகிறது.